60 வீடு, 96 கிலோ, ஒன்றரை ஏக்கர் தென்னை

எங்கள் குடியிருப்பின் கணக்கு நோட்டில் குப்பைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ‘துப்புரவு’ என்று எழுதி, எதிரே ஒரு தொகை. தண்ணீருக்கு நான்கு வரி, லிஃப்ட்டுக்கு மூன்று, ஜெனரேட்டர் டீசலுக்கு லிட்டர் வாரியாகத் தனிப் பக்கம். ஒரு நாள்கூடத் தவறாமல் எல்லா வீட்டிலிருந்தும் கீழே இறங்குகிற பொருளுக்கு மட்டும் எடையும் இல்லை, அளவும் இல்லை. ஆனைமலையில் என் அப்பா தோப்பில் விழுந்த மட்டையைக்கூட எண்ணி எழுதி வைத்தவர். அந்த வீட்டிலிருந்து வந்து இப்படி ஒரு நோட்டை வைத்திருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தேன்.

கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் வரிசையாக நிற்கும் அபார்ட்மென்ட்களில் எங்களுடையதும் ஒன்று. கணக்கு எளிதாகப் பிடிபட எண்களை முழுமைப்படுத்திக்கொள்கிறேன். தரைத்தளம் கார்களுக்கு, மேலே 5 மாடி, மாடிக்கு 12 வீடு, ஆக 60. அதில் 36 வீடுகளில் வாடகைக் குடித்தனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகரங்களில் 10 வீட்டுக்குச் சுமார் 4 வீடு வாடகை வீடு. எங்களைப் போன்ற கட்டடங்களில் அது 6. வீட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் துபாயில், ஒருவர் பெங்களூரில், பலர் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத் தோப்புக்காரர்கள். பிள்ளை படிக்கட்டும் என்று தேங்காய்க் காசில் வாங்கிப் போட்டார்கள். படிப்பு முடிந்ததும் வாடகைக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு 4 பேர் என்றால் 240 பேர். இந்திய நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 600 கிராம் குப்பை சேரும் என்பது மத்திய அரசின் திடக்கழிவுக் கையேடு சொல்லும் அளவு. நடுவே 400 கிராமை எடுத்துக்கொண்டேன். 240 பேருக்கு 96 கிலோ.

இந்த 400 கிராம் சரிதானா என்று பார்க்க, எங்கள் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் கொக்கித் தராசில் மாட்டி எடை போட்டேன். நாங்களும் நாலு பேர்தான். திங்கள் முதல் சனி வரை தினமும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முள் இரண்டே முக்கால் கிலோவுக்குப் போய் நின்றது. கோழி எலும்பு, தேங்காய் மூடி, தர்பூசணித் தோல், ஒரு வாழை இலை. வார மொத்தம் 11 கிலோவும் கொஞ்சமும். நாளுக்கு 1.6 கிலோ, ஆளுக்கு 400 கிராம். கையேடு பொய் சொல்லவில்லை.

96 கிலோ என்பது சங்கடமான எண். நாளுக்கு 100 கிலோ குப்பை சேரும் இடத்தை ‘அதிகக் கழிவு உருவாக்குபவர்’ என்று சட்டம் தனியாக வகைப்படுத்துகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவிக்கப்பட்ட புதிய திடக்கழிவு விதிகளிலும் அதே 100 கிலோ உண்டு. அதோடு 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, அல்லது நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்று இன்னும் இரண்டு அளவுகோல்கள். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 240 பேருக்கு 32,400 லிட்டர். பரப்பிலும் நாங்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே. மூன்றிலும் தப்பிவிடுகிறோம். பெரிய கட்டடம் என்று அதிகாரி வந்து கேட்க மாட்டார். தனி வீடு என்று தெரு வண்டி வாசலில் நிற்கவும் செய்யாது. நாலு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் 100 தாண்டிவிடும்; அவர்கள் ஊருக்குப் போனதும் மறுபடி 96. ஆனால் 2016-ம் ஆண்டு விதிகளே எடையைப் பார்க்காமல் எல்லாக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு கடமையை வைத்துவிட்டன. குப்பையைப் பிரிக்க வேண்டும், மக்கும் பகுதியைக் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும். அதற்குக் கொடுத்த கெடு ஓர் ஆண்டு. 2017-லேயே முடிந்துவிட்டது.

இப்போது அந்த 96 கிலோவைப் பிரித்துப் பார்க்கலாம். நம் ஊர்ச் சமையலுக்கு 60 சதவீதம் மக்கும் குப்பை என்று வைத்தால் 58 கிலோ. காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில், ஆன்லைன் பார்சல் உறைகள் 29 கிலோ. மீதி 9 கிலோவில் பெரும்பங்கு டயப்பரும் நாப்கினும். 8 கைக்குழந்தைகள் இருந்து, குழந்தைக்கு நாளுக்கு 4 டயப்பர் என்றால் 32. நனைந்த டயப்பர் ஒன்று 180 கிராம் வீதம் ஏறக்குறைய 6 கிலோ. இதையெல்லாம் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைப்பது ஒரு நிமிட வேலை. சுற்றாமல் சோற்றோடு போட்டால் 58 கிலோவும் கெட்டது.

எடை ஒரு கதை சொன்னால் கொள்ளளவு வேறொரு கதை சொல்கிறது. மக்கும் குப்பை கனமானது. லிட்டருக்கு 450 கிராம் என்று வைத்தால் 58 கிலோவுக்கு 130 லிட்டர். சக்கரம் வைத்த 120 லிட்டர் தொட்டி ஒன்றும் இன்னொன்றில் கொஞ்சமும் போதும். மக்காத குப்பை லிட்டருக்கு 60 கிராம்தான் நிற்கும். 29 கிலோவுக்கு 480 லிட்டர், அதாவது 4 தொட்டி. எடையில் பாதி, இடத்தில் நாலு மடங்கு. கட்டடம் வரைகிறவர்கள் மூலையில் இரண்டு தொட்டிக்கு இடம் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஞாயிறு வண்டி வராமல், திங்களும் தவறிப்போனால் செவ்வாய்க்குள் சேரும் மூன்று நாள் மக்காத குப்பைக்கே 12 தொட்டி வேண்டும். அன்றைக்குத்தான் பார்க்கிங்கில் நாய்கள் வருகின்றன. அன்றைக்குத்தான் ‘வாடகைக்கு இருக்கறவங்களுக்கு எங்க அக்கறை இருக்கப்போகுது’ என்ற பேச்சும் வருகிறது.

காலை ஆறரை மணிக்கு எங்கள் தரைத்தளத்தில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கின் கனம் தெரியும். குப்பை எடுக்கும் அக்கா ஐந்தாவது மாடியிலிருந்து ஆரம்பிப்பார். மாடிக்கு 12 பை, 19 கிலோ. முன்பு எங்கள் லிஃப்ட் வாசலில் குப்பையோடு ஏறக்கூடாது என்று ஓர் அட்டை தொங்கியது. மாடிக்கு 20 படி. முதல் மாடிக்கு 20, இரண்டாவதற்கு 40 என்று போய் ஐந்தாவதற்கு 100. கூட்டினால் ஏற்றம் 300 படி. சுமையோடு இறக்கம் 300 படி. மாதம் 26 நாளுக்கு 7,800 படி ஏற்றம். பழனி மலைக்குச் சுமார் 690 படி. மாதம் 11 முறை பழனி மலை ஏறுகிற கணக்கு. காவடிக்குப் பதில் நம் வீட்டு எச்சில் பை. அந்த அட்டையைக் கழற்றுவதற்கு எங்களுக்கு இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் அவர் விரலில் துணி சுற்றியிருந்தது. ரசத்தில் ஊறிய பைக்குள் உடைந்த கண்ணாடி டம்ளர். கையுறை வாங்கிக் கொடுத்தோமே, ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“போடறனுங்க. கையொறை போட்டா முடிச்சு அவுக்க வரமாட்டேங்குதுங். அவுக்கத்தான் கழட்டோணும்.”

60 வீடு, 60 முடிச்சு. அவர் அதைச் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. நாங்கள் நாகரிகம் என்று நினைத்து இறுக்கிக் கட்டிய முடிச்சுதான் அவர் கையைக் கிழித்திருக்கிறது.

அந்த முடிச்சுக்கு ஒரு விலை போட முடியும். கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2022 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்ட நாள் கூலி 721 ரூபாய். இன்றைய விலைவாசிக்கு அதுவே குறைவு என்பேன். ஆனாலும் அதை வைத்தே பார்க்கலாம். 8 மணி நேரத்துக்கு 721 என்றால் மணிக்கு 90, நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். ஒரு கலப்படப் பையை அவிழ்த்துப் பிரிக்க 2 நிமிடம், 3 ரூபாய். 60 பைக்கு 180 ரூபாய், மாதத்துக்கு 5,400. வீட்டுக்கு 90 ரூபாய்.

இது கூடுதல் செலவு மட்டுமே. மாடி மாடியாக எடுத்து வருவது, எருத் தொட்டியைக் கவனிப்பது, கழுவி விடுவது என்று எப்படியும் 3 மணி நேர வேலை உண்டு. நாளுக்கு 270 ரூபாய், மாதம் 8,100, வீட்டுக்கு 135. வரவுப் பக்கத்தில் 29 கிலோ மக்காத குப்பையில் 10 கிலோ பழைய பேப்பர்க் கடைக்குப் போகும் சரக்கு. கிலோவுக்குச் சராசரி 10 ரூபாய் வைத்தால் நாளுக்கு 100, மாதம் 3,000, வீட்டுக்கு 50 ரூபாய். ஆனால் சாம்பார் பட்ட அட்டையைக் கடைக்காரர் தொட மாட்டார்.

ஆக, நோட்டில் இப்படி எழுதலாம்:

பிரிக்காத குப்பை: 135 + 90 = வீட்டுக்கு 225 ரூபாய்; வரவு இல்லை.
பிரித்த குப்பை: 135 − 50 = வீட்டுக்கு 85 ரூபாய்.
வித்தியாசம்: வீட்டுக்கு 140, 60 வீட்டுக்கு மாதம் 8,400, வருடத்துக்கு 1,00,800.

எல்லாவற்றையும் ஒரே பையில் போடும் பழக்கத்தின் விலை வருடத்துக்கு ஒரு லட்சம். இந்த லட்சம் யார் கையிலிருந்து போகிறது என்று தேடினால் ஆள் அகப்படுவதில்லை. பிரச்சினையின் ஆணிவேர் அதுதான். மெயின்டனன்ஸ் தொகை சதுர அடிக்கு இவ்வளவு என்று சொந்தக்காரர் பெயரில் விதிக்கப்படுகிறது. குடியிருப்பவர் அதை வாடகையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். பிரித்துப் போட்டாலும் அதே தொகை, பிரிக்காவிட்டாலும் அதே தொகை. விதி மீறினால் 500 ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டோம். நோட்டீஸ் சொந்தக்காரருக்குப் போனது. அவர் சேத்துமடைப் பக்கத் தோப்பில் இருந்துகொண்டு, “ஏனுங்க, நான் அங்க சாப்படவே இல்லீங்களே, எனக்கெதுக்குங்க அபராதம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குடியிருப்பவரோ சங்கக் கூட்டத்துக்கே அழைக்கப்படுவதில்லை. உரிமையாளர் மட்டும்தானே உறுப்பினர். முடிவெடுக்கிறவர் குப்பை போடுவதில்லை. குப்பை போடுகிறவருக்கு முடிவில் பங்கில்லை.

வாடகைக்காரர்களைக் குறை சொல்வது எளிது. நான் 9 வருடம் வாடகை வீட்டில் இருந்தவன் என்பதால் அந்தப் பேச்சு சுடும். எண்ணைப் பாருங்கள். ஒப்பந்தம் 11 மாதம். ஒரு குடித்தனம் சராசரி இரண்டு ஒப்பந்தக் காலம், அதாவது 22 மாதம், இருக்கிறது என்று வைத்தால் 36 வீட்டில் வருடத்துக்கு 20 புதுக் குடித்தனங்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர், கேரளத்திலிருந்து வந்தவர், மதுரையிலிருந்து வந்தவர். அந்த 20 பேருக்கும் சாவி கொடுக்கும்போது தண்ணீர் மோட்டார் நேரம் சொல்கிறோம், பைக் நிறுத்தும் இடம் காட்டுகிறோம். குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டு மானத்தை வாங்குகிறோம்.

காலி செய்து போகும் நாளுக்குத் தனிக் கணக்கு உண்டு. 6 அடிக்கு 5 அடி, 4 அங்குல கனத்தில் ஒரு பழைய மெத்தை 280 லிட்டர். அது ஒன்றே இரண்டே கால் தொட்டி. மாதத்துக்கு ஒன்றிரண்டு வீடு காலியாகும் கட்டடத்தில் மெத்தைக்கும் உடைந்த மேசைக்கும் ஓர் இடமும் ஒரு தேதியும் குறிக்காமல் விட்டது எங்கள் தவறு, அவர்கள் தவறு அல்ல.

இந்த 96 கிலோ கட்டடத்தை விட்டு வெளியே போனதும் எங்கே போகிறது என்பது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளலூர். மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு, சுமார் 650 ஏக்கர். 100 வார்டுகளிலிருந்து நாளுக்குச் சுமார் 1,000 டன் சேரும் நகரத்தில் எங்கள் பங்கு பத்தாயிரத்தில் ஒன்றுதான். 2024 ஏப்ரல் 6-ம் தேதி அங்கே பிடித்த தீயை அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அணைத்த செலவு சுமார் 76 லட்சம் ரூபாய் என்று மாநகராட்சி கணக்குக் காட்டியது. அதில் சாப்பாடு, தேநீர் வகைக்கே 27 லட்சத்துக்கு மேல் என்பதுதான் அப்போது பெரிய பேச்சானது. எனக்கு அதைவிட மற்றொன்று உறுத்தியது. ஈரமான சோறும் காய்ந்த பிளாஸ்டிக்கும் கலந்து குவிந்தால் உள்ளே மீத்தேன் உண்டாகும். மேலே பற்றிக்கொள்ளச் சரக்கு தயாராக இருக்கும். எங்கள் வீட்டு முடிச்சுகள் அங்கேதான் போய் அவிழ்கின்றன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் வெள்ளலூர், போத்தனூர்ப் பக்கத்துக் குழந்தைகள். சரவணம்பட்டிக்கு வாசனைகூட வரவில்லை.

தென் கொரியாவில் இதே அடுக்குமாடிச் சிக்கலை எடையை வைத்தே அவிழ்த்தார்கள். 1995-ல் குப்பைக்கு அளவுக்கேற்ற கட்டணம். 2005-ல் உணவுக் கழிவைக் கிடங்கில் புதைக்கத் தடை. 2013 முதல் வீட்டுக்கு எவ்வளவு உணவுக் கழிவோ அவ்வளவு கட்டணம். அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் தொட்டியில் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். போட்டதை எடை போட்டு அந்த வீட்டுக் கணக்கில் எழுதும். சொந்தக்காரரா வாடகைக்காரரா என்று அந்தத் தொட்டி கேட்பதில்லை.

அந்த இயந்திரம் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. தராசு இருக்கிறது. மாடி வாரியாக எடை போட்டு லிஃப்ட் பக்கத்துக் கரும்பலகையில் எழுதலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுப் பெயர் இல்லை, மாடி எண் மட்டும். மூன்றாவது மாடி: மக்கும் 11, மக்காத 6, கலப்படம் 2. இந்த மூன்றாவது எண்தான் முக்கியம். மாடியில் 12 குடும்பம் என்பதால் யாரும் தனியாக அவமானப்படுவதில்லை. பலகை வைத்த பிறகு, எந்தக் கவர் எந்தத் தொட்டிக்கு என்று அக்காவிடம் கேட்கக் கீழே இறங்கி வந்தவர்களில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். சொந்தக்காரர்களிடம் இரண்டு கேட்டோம். 11 மாத ஒப்பந்தத்தில் குப்பைக்கு ஒரு வரி சேருங்கள். மெயின்டனன்ஸில் குப்பைக் கட்டணத்தைத் தனியாகக் காட்டுங்கள். வீட்டோடு இரண்டு வாளியும் ஒரு பையும் நிரந்தரமாக இருக்கும். விளக்கும் ஃபேனும் இருப்பது மாதிரி. ஒரு செட்டுக்கு 300 ரூபாய் ஆனாலும் 60 வீட்டுக்கு 18,000. ஒரு லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனி அந்த 58 கிலோ. என் மனம் நிற்கும் இடம் இதுதான். ஆனைமலையில் எங்கள் வீட்டில் குப்பை என்ற சொல்லுக்கே எரு என்றுதான் பொருள். காய்த்தோல் மாட்டுக்கு, கழுநீர் தொட்டிக்கு, தொட்டாங்குச்சி அடுப்புக்கு, மிச்சம் எருக்குழிக்கு. அதே குடும்பம் மாடி வீட்டுக்கு வந்ததும் அதே தோலை வெளியேற்றக் காசு கொடுக்கிறது.

சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். 58 கிலோவில் 43 லிட்டருக்கு மேல். அப்படியே குவித்தால் அழுகி நாறும், புழு வைக்கும். ஈரம் 60 சதவீதத்துக்கு வந்தால்தான் காற்று புகுந்து சூடேறி மக்கும். தண்ணீரைக் குடிக்க ஒரு காய்ந்த பொருள் வேண்டும். அது எங்கள் ஊரில் மலை மலையாகக் கிடக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை வரும் வழியெங்கும் நார் மில்களில் காப்பி நிறத்தில் குவிந்திருக்கும் தூள். மில்காரர்கள் ‘பித்’ என்பார்கள். 1 கிலோ நார் பிரித்தால் ஏறக்குறைய 2 கிலோ தூள் விழும். தன் எடையைப்போல 5 மடங்குக்கு மேல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். தனியாக அது லேசில் மக்காது. கரிமமும் தழைச்சத்தும் அதில் 112-க்கு 1 என்ற விகிதம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் சேர்த்து அதை 24-க்கு 1 என்று இறக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கிறது. சமையலறைக் கழிவில் தழைச்சத்து தாராளம். காய்ந்த சரக்குதான் அதில் குறை. தூளில் தழைச்சத்து குறை. இரண்டையும் சேர்த்தால் யூரியா வேண்டாம்.

காகிதக் கணக்குப்படி 58 கிலோவின் ஈரத்தை இறக்க 19 கிலோ காய்ந்த தூள் வேண்டும். குவியலின் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகும், பழைய எருவையும் ஒரு பங்கு திருப்பிக் கலக்கலாம் என்பதால் நாளுக்கு 10 கிலோ, மாதம் 300 கிலோ என்று வைத்திருக்கிறேன். ஏற்றுமதிக்கு அமுக்கிய கட்டி வேண்டாம். நனையாத உதிரித் தூள்தான் வேண்டும். இடத்துக்கு 4 அடிக்கு 3 அடியில் 3 அடி உயரத் தொட்டி 5. வேலை செய்யும் இடத்தையும் சேர்த்து ஒரு கார் நிற்கும் இடம். எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது அந்த ஒரு காருக்கான இடம்தான். கடைசியில் தோப்புக்காரர் ஒருவர் விட்டுக்கொடுத்தார். அவருக்கு இங்கே காரே இல்லை.

58 கிலோவில் கால் பங்கு எருவாக மிஞ்சும் என்றால் நாளுக்கு 14.5 கிலோ. வருடத்துக்கு 5,300 கிலோ. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழு உரமோ கம்போஸ்ட்டோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. 105 மரத்துக்கு ஆகும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். 60 வீட்டுச் சமையலறை ஒன்றரை ஏக்கர் தோப்புக்கு எருப் போடுகிறது.

மாதம் ஒருமுறை ஆனைமலையிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் வண்டியில் தூள் மூட்டைகளையும் போடச் சொல்லியிருக்கிறோம். திரும்பும்போது எரு மூட்டை ஏறும். இடத்தை விட்டுக்கொடுத்தவர் தோப்புக்கு முதல் லோடு. நோட்டில் குப்பைக்கு இப்போது ஏழு வரி. ஒன்றாம் தேதி 402-க்கு ஒரு புதுக் குடித்தனம் வருகிறது. இரண்டு வாளியையும் பையையும் அக்கா கழுவிக் கைப்பிடிச் சுவரில் காய வைத்திருக்கிறார்.